கோட்டை மேல் காய்ந்த வேட்டி

வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டுகிற ஆண்களில் இரண்டு வகை உண்டு. வயிறு பெருத்து, வேட்டி இடுப்பில் நிற்காதவர்கள் ஒரு வகை. வாழ்க்கையில் ஒரு தடவை ஊர் பார்க்க வேட்டியைப் பறிகொடுத்தவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. (வயிறும் இருக்கிறது. அது பிற்பாடு வந்தது.)

"தூங்குறப்பவாவது அத்தக் கழட்டு நைனா" என்று பிள்ளைகள் நீங்கள் கேட்காத நாள் இல்லை. ஒவ்வொரு தடவையும் உங்க அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள், நான் பேச்சை மாற்றுவேன். இனி மாற்றப் போவதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. செஞ்சி கடைத்தெருவில் ஒரு மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எடை போடும் வேலை. உங்க அம்மாவுக்கு நெல்லிப்பட்டு. மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு மணி நேர நடை, அவ்வளவுதான். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா ஒருவர்தான் வளர்த்து ஆளாக்கி, இருந்த கம்மலைக் கழற்றிப் போட்டுக் கல்யாணம் செய்து கொடுத்தார்.

தலைப் பொங்கல் வந்தது. பெண் வீட்டுச் சீர் வந்து இறங்கியது. கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், பானை, எல்லாவற்றுக்கும் மேலே கோயில் மணி அளவுக்கு ஒரு பரங்கிக்காய். புருஷனை இழந்தவர் சீர் எடுத்து வரக் கூடாது என்று என் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டார். அவருடைய தங்கச்சியும் தங்கச்சி புருஷனும் கொண்டுவந்தார்கள். உங்க அம்மாவுக்குச் சின்னம்மா அவர். நல்ல மனுஷி, நாக்கு மட்டும் கொஞ்சம் முன்னால் ஓடும்.

பொங்கல் குழம்புக்கு அந்தப் பரங்கிக்காயை அறுத்தார்கள். உள்ளே அழுகல். கத்தி வைத்ததும் வீடே நாறியது.

எங்க நைனா, அதாவது உங்க தாத்தா, வாசலில் நின்று கேட்டார்: "தலைப் பொங்கலுக்கு அழுகலா குடுத்து அனுப்புறீங்க? எம் புள்ள குடும்பம் வெளங்கணும்னா, வெளங்கக் கூடாதுன்னா?"

சின்னம்மா "தெரியாம ஆயிருச்சு மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் சொன்னது: "பரங்கிக்காய்க்குள்ள பூந்தா பாத்துக்கினு வர முடியும்?"

தெருவில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். உங்க தாத்தாவுக்கு அழுகலைவிட அந்தச் சிரிப்புதான் நாறியது. சாமி மாடத்திலிருந்து தட்டை எடுத்துவரச் சொல்லிக் கற்பூரம் ஏற்றினார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அந்த வாசல மெறிக்க மாட்டேன், அந்த வூட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன், அவங்ககூட ஒரு பேச்சு பேச மாட்டேன்னு கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றார்.

நான் அணைத்தேன். உங்க அம்மா, மறுபடி ஏற்றிய கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கல்யாண மருதாணி மறைந்தும் மறையாமலும் இருந்த கை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஓடியது. ஒரு மணி நேர நடையில் அம்மா, பார்க்க முடியாத மகள். அழுகிற பெண்ணாக இருந்தால் தேற்றியிருப்பேன். உங்க அம்மா அழவில்லை. காலையில் வாசல் தெளிக்கும்போது கோட்டை மலையைப் பார்ப்பாள். மலைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். மலை நகராது என்று தெரிந்த பிறகு உள்ளே போவாள்.

மாமியாருக்கு மூட்டு வீக்கம், கடைத்தெருவுக்கு வருவதே நின்றுபோனது என்ற சேதியைக் கொண்டுவந்தவர் வளையல்கார பாய். ஊர் ஊராக வளையல் பெட்டியைச் சுமந்துகொண்டு போகிறவர், எல்லா வீட்டு அடுப்படியும் அவருக்குத் தெரியும். அன்று உங்க அம்மா கையில் வளையல் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "ஒன்னை ஒரு வாட்டி கண்ணால பாத்தாப் போதும்னு சொல்லுது தாயி."

உங்க அம்மா வளையல் ஏறிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"இன்னாங்க, மெறிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, பேசக் கூடாது. பாக்கக் கூடாதுன்னு மாமா சொல்லலியே?"

நான் யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லைதான்.

"பாய் மூலமா சொல்லி அனுப்புனா அது பேச்சாயிடாதா?" என்று நான் இழுத்தேன்.

"நான் பேசுறது என் வாயில" என்றார் பாய். "நீங்க எந்த மொகம் வச்சினு இருந்தீங்கன்னு போயி சொல்றேன். அதுக்கு எந்தக் கற்பூரமும் கெடையாது."

இப்படியாக ஏற்பாடு நடந்தது. காணும் பொங்கலன்று ஊரே கோட்டைக்குப் போகும். நாங்கள் போனால் தாத்தா சந்தேகப்பட மாட்டார். ராஜகிரி உச்சியில் போய் நாங்கள் நிற்பது. நெல்லிப்பட்டில், வீட்டுக்குப் பின்னால் உள்ள தாழ்ந்த பாறையில் மாமியார் ஏறி, பெட்டியில் மடித்து வைத்திருக்கும் தன் கல்யாணக் கூரைப் புடவையை விரித்துப் பிடிப்பது. நல்ல சிவப்பு, தூரத்துக்கும் தெரியும். நாங்கள் மேலிருந்து வெள்ளைத் துணி ஆட்டுவது. நேரம், சூரியன் உச்சிக்கு வரும்போது.

"மேல போனா எங்க ஊர் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"நான் ஏறாத கோட்டையா?" என்றேன். (நாலாவது படிக்கும்போது வாத்தியார் கூட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் எனக்கு வயிற்று வலி. கீழே இறக்கிவிட்டார்கள்.)

காணும் பொங்கலன்று புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். மண்டி முதலாளி பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த புது எட்டு முழ வேட்டி கட்டியிருந்தேன். படிக்கட்டு முழுக்கக் கூட்டம். கரும்பு கடிக்கிறவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், குரங்குக்குப் பயந்து சோற்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள். படி மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. எனக்குக் கிழக்கு எது, மேற்கு எது என்பது பாதி வழியிலேயே தொலைந்துபோயிற்று. சொல்லவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கும், பார்த்திருக்கிறீர்கள். நேராகக் கிழித்த மாதிரி கிடங்கு. குனிந்தால் அடி தெரியாது, குளிர்ந்த காற்றுதான் முகத்தில் அடிக்கும். அதன் மேலே ஒரு பாலம். உங்க அம்மா அதில் ஓடியே போய்விட்டாள். கோலத்தைத் தாண்டுகிற மாதிரி. நான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த ஒரு கிழவருக்கு வழி விடுகிற மரியாதையில் ரொம்ப நேரம் நின்று, கடைசியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன்.

மேலே போனதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எங்க?"

நாலு பக்கமும் ஏரி, வயல், பாறை, ஊர். எல்லாம் ஒரே மாதிரி. சூரியன் உச்சந்தலைக்கு மேலே. நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிறது, அதுவும் உதவிக்கு இல்லை. பொண்டாட்டி முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷம் மலையைப் பார்த்த முகம். "தெரியலே" என்று எப்படிச் சொல்வது? கையை நீட்டினேன். எந்தப் பக்கம் கூட்டம் குறைவாக இருந்ததோ அந்தப் பக்கம்.

"அதோ."

"எங்க ஊர் ஏரிக்கரைல பனந்தோப்பு இருக்குமே?"

"வெட்டிட்டாங்க. பாய் சொன்னாரு."

"கோபுரத்தையும் காணோமே?"

"மேல இருந்து பாத்தா கோபுரம் தட்டையாத்தான் தெரியும்."

அவள் நம்பினாள். நான் சொன்னதை அவ்வளவு சுலபமாக நம்பியது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு பால் விலை சொன்னால்கூட பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்கிறாள்.

அப்போதுதான் அந்த ஊருக்கு ஓரமாக ஒரு பாறையின் மேல் பார்த்தோம். சிவப்பு! வெயிலில் தீ மாதிரி. நானே திகைத்துவிட்டேன். குருட்டாம்போக்கில் காட்டிய இடத்தில் மாமியார்! உள்ளுக்குள் என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

உங்க அம்மா கத்தவில்லை, குதிக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். கும்பிட்டபடியே நின்றாள். ஒரு வருஷமாக வராத கண்ணீர் அப்போது வந்தது. "அம்மா, அம்மா" என்று உதடு மட்டும் அசைந்தது. அவ்வளவு தூரத்திலும், பேசக் கூடாது என்ற சத்தியம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"சுத்தி நாலு பேரு நிக்கிறாங்க பாருங்க. குனியிறாங்க."

"மூட்டு வலி இருக்குதில்ல, தொணைக்கு வந்திருப்பாங்க."

"துணிய ஆட்டுங்க!"

தோளில் இருந்த துண்டை எடுத்து ஆட்டினேன். "அது கைக்குட்டை மாதிரி இருக்குது. அம்மாவுக்குக் கண்ணு மங்கல்" என்றாள். பொண்டாட்டி அழுதுகொண்டு கேட்கும்போது மனுஷனுக்கு வீரம் வந்துவிடுகிறது. இடிந்த சுவர் ஒன்றின் மறைவுக்குப் போனேன். வேட்டியை அவிழ்த்தேன். கோடு போட்ட அரை டிராயரோடு சுவரின் மேல் ஏறி, எட்டு முழத்தையும் இரண்டு கையால் பிடித்து வீசினேன்.

ஒரு தடவை ஆடியது. இரண்டாவது தடவை காற்று கேட்டது. நான் கொடுக்கவில்லை. அது பிடுங்கிக்கொண்டது. புது வேட்டி, கஞ்சி போட்டது, கப்பல் பாய் மாதிரி விரிந்து, என் தலைக்கு மேலே ஏறி, கிடங்கைத் தாண்டி, மலையின் மறுபக்கம் வளைந்து மறைந்தது. சுவர் மறைப்பது ஒரு பக்கம்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மறுபக்கத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையில் எடுத்த கவளத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

இறங்கியதைச் சொல்லவே வேண்டாம். இடுப்பில் துண்டு, அது முன்னால் மூடினால் பின்னால் மூடாது. "குஸ்தி எங்கண்ணா?" என்றான் ஒருவன். "வழி வுடுங்கடா, தேசிங்கு ராஜா எறங்குறாரு" என்றான் இன்னொருவன். பாலத்தில் ஒரு சமயத்தில் ஒரு பக்கமிருந்துதான் வர முடியும். எதிர்ப்பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? மண்டி முதலாளி. சம்சாரம், மாமியார், மச்சினிச்சிகள் சகிதமாக.

மேலும் கீழும் பார்த்தார். "பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் குடுத்தேனேடா?"

"மேல காயுதுங்க" என்றேன்.

வேறு என்ன சொல்வது? அந்த வார்த்தை மண்டியில் பல வருஷம் என் பட்டப்பெயராக இருந்தது.

நாங்கள் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. உங்க தாத்தா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"கோட்டைக்கு எதுக்குடா போனே?"

"காத்து வாங்க நைனா."

"வேட்டியக் குடுத்துட்டா காத்து வாங்கினே?"

உங்க அம்மா அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தானே போட்டுப் போட்டுச் சாப்பிட்டாள். நடுவில் கையை நிறுத்தி, "அம்மா எளைச்சிட்டாங்கபோல. கொஞ்ச நேரத்துல சின்னதாப் பூட்டாங்க" என்றாள்.

"தூரம்" என்றேன்.

பங்குனியில் ஒரு காலை, பாய் வளையல் பெட்டி இல்லாமல் வந்தார். பெட்டி இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. வாசலில் நின்று தாத்தாவிடம்தான் சொன்னார். மாமியாருக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்ததாம். விடியவில்லை.

உங்க அம்மா உள்ளேயிருந்து வந்து, தாத்தா முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "போலாமா மாமா? அணைச்சிருக்கேனே."

தாத்தா எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். "கெளம்பும்மா" என்றார். வழி முழுக்க முன்னால் நடந்தார், எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நின்று, வயலைப் பார்த்து, "ஒரு பரங்கிக்காய்க்குப் போயி..." என்றார். மீதியைச் சொல்லவில்லை. அவர் சாகும் வரைக்கும் பரங்கிக்காய் சாப்பிடவும் இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் மிதிக்காத வாசலை உங்க அம்மா மிதித்தாள். பேசினாள். கேட்கிறவர் இல்லை.

பால் தெளித்த மறுநாள், "அம்மா நின்ன பாறையப் பாக்கணும்" என்றாள். சின்னம்மா கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். ஏரிக்கரையில் பனந்தோப்பு. ஒரு மரமும் வெட்டப்படவில்லை. நான் இரண்டடி பின்தங்கினேன். கோபுரமும் கோபுரமாகத்தான் நின்றது.

பாறை மேல் ஏறியதும் சின்னம்மா மலையைக் காட்டினார். "அதோ பாரு, இன்னும் ஆடுது."

ராஜகிரியின் இந்தப் பக்கச் சரிவில், பாறை இடுக்கில் முளைத்த ஒரு மரத்தில், வெள்ளையாக ஒரு துணி. காற்றில் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. எட்டு முழம்.

சின்னம்மா சொன்னார். வழக்கமாக முன்னால் ஓடும் நாக்கு அன்று தயங்கித் தயங்கி நடந்தது. "நானும் அக்காவும் பொடவைய ஆளுக்கொரு பக்கம் புடிச்சினு நின்னோம். மேல ஒண்ணுமே காணோம். அக்கா அழுவுறா, 'வரலடி, புருஷன் வூட்ல வுடல'ன்னு. அப்புறம் பாத்தா வெள்ளையா ஆடுது! 'வந்துட்டாடி எம் பொண்ணு'ன்னா. இருட்டுற வரிக்கும் எறங்க மாட்டேன்னுட்டா. 'மாப்ளைக்குக் கை வலிக்கும், போதும்னு யாரயாச்சும் சொல்லி அனுப்புடி'ன்னா."

உங்க அம்மா வேட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மறுநாளும் ஆடுச்சு. 'தெனம் வர்றாடி'ன்னா. மூட்டு வலியோட தெனம் காலைல ஏறிடுவா. இந்தக் கையி அந்தக் கையின்னு மாத்தி மாத்தி ஆட்டிட்டுத்தான் எறங்குவா. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. பனி கொட்டுற காலைல எந்த மனுஷன் மலைல நின்னு துணி ஆட்டுவான்? சொல்ல மனசு வரல. இந்த வாயால ஒரு வாட்டி பேசிக் கெடுத்தது போதும்னு இருந்துட்டேன்."

உங்க அம்மா மெல்லக் கேட்டாள். "அப்போ... நாங்க அந்தாண்டப் பக்கம் பாத்தோமே சின்னம்மா. பாறை மேல செவப்பா இருந்துச்சே. நாலு பேரு சுத்தி நின்னாங்களே."

"மலைக்கு அந்தாண்டையா? அங்க தை மாசத்துல பாறை பூரா மொளகாதாண்டி காயும். கூடைல அள்ளினு இருந்திருப்பாங்க."

உங்க அம்மா என்னைப் பார்த்தாள். நான் பாறையைப் பார்த்தேன். பூந்து ஒளிந்துகொள்ள அதில் இடம் இல்லை.

முதலில் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து, எழவு விழுந்த வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தாள். "மொளகாயா! மொளகாயக் கும்புட்டு அழுதனா! எளைச்சிட்டாங்கன்னு சொன்னனே... அள்ளினு இருந்தாங்களா!" துக்கம் கேட்க வந்த பெண்கள் ஓடிவந்தார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்று. அவர்கள் வந்து சேரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. சின்னம்மா மடியில் முகத்தை வைத்து அவள் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன்.

என்மேல் அவள் கோபப்படவில்லை. நான் காத்திருந்தேன், வரவில்லை. திரும்பி வரும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நீங்க செஞ்சதுல பறந்து போனது ஒண்ணுதான் சரியாப் போயி சேந்துச்சு."

அந்த வேட்டி அடுத்த ஆடிக் காற்று வரைக்கும் அங்கேயே இருந்தது. எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கடைத்தெருவில் எனக்கு ஒரு பச்சை பெல்ட் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த தை மாசம் வீட்டில் மிளகாய் காயப் போட்டிருந்தோம். திடீரென்று மேகம் கறுத்தது. உங்க அம்மா உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக் கத்தினாள்: "இன்னாங்க, அம்மா நனையுறாங்க, அள்ளுங்க!" சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். நானும் நின்றுவிட்டேன். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டே அள்ளினோம். நீங்கள் பிறந்த பிறகு, அவள் அம்மா உங்களுக்குப் பாட்டி என்ற கணக்கில், அம்மா என்பது ஆயா ஆயிற்று. நம் வீட்டில் மட்டும் காய்கிற மிளகாய்க்கு ஏன் ஆயா என்று பெயர் என்பது இப்போது புரிகிறதா? போன மாசம் புது மாப்பிள்ளை, "ஆயா நனையுறாங்க, ஓடுங்க" என்ற சத்தத்தைக் கேட்டுக் குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி, கிழவியைத் தேடி நனைந்தாரே, பாவம். அவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மிளகாயை அள்ளி முடித்ததும் உங்க அம்மாவுக்குக் கண் கலங்கியிருக்கும். கேட்டால், "மொளகா நெடி" என்பாள். இருக்கலாம். நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். அவள் கண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கை காட்டுகிற வேலையை நான் அந்தக் கோட்டையிலேயே விட்டுவிட்டேன்.